ஒண்டு பத்திப்போட்டு வாறன்

2004ஆம் ஆண்டு தை மாதம் வரை கேதீஸ்வரன் புகைத்ததில்லை. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. மானிப்பாயில் தகப்பன் முருகேசு புகையிலைத் தோட்டம் செய்தவர், சுருட்டும் குடித்தவர். புகையிலை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணமே ஆகாது. கூட்டாளிகள் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் முதல் சிகரெட்டைப் பங்கு போட்டபோது, இவர் அவர்களுடைய சைக்கிள்களுக்குக் காவல் நின்றார்.

அந்தத் தை மாதம் நல்லூரில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். குசினியில் காய் வெட்டும் வேலை. அங்கே உட்கார எதுவும் கிடையாது, ஒரு வாங்குகூட. விடிய முதல் அடுப்பு மூட்டினால் மத்தியானச் சாப்பாடு முடியும்வரை நிற்க வேண்டும். யாராவது அரிசிச் சாக்கில் சற்றுச் சாய்ந்தால் முதலாளி செல்வநாயகம் கதவோரம் தலையை நீட்டுவார்.

"என்ன ஐசே, சுகமில்லையோ? வீட்டை போறதெண்டால் போம்."

ஆனால், "ஒண்டு பத்திப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே இருந்த குறுகிய ஒழுங்கைக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பத்துவது என்றால் சிகரெட் பிடிப்பது. செல்வநாயகம் புகைப்பவரல்ல; விபூதி பூசாமல் காசு மேசையில் அமராதவர். ஆனாலும் புகைப்பவனுக்குப் புகை வேண்டும் என்பது அவருக்கு விளங்கியது. களைத்தவனுக்கு இருக்கை வேண்டும் என்பது விளங்கவில்லை.

முதல் கிழமையிலேயே கேதீஸ்வரன் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிகரெட் வாங்கி, ஒழுங்கையில் மதிலோடு சாய்ந்து, பற்றவைத்து, விரலிடுக்கில் வைத்திருந்தார். இழுக்கவில்லை. அது எரிந்து முடியும்வரை கால்கள் ஆறின. அன்றைய சமையல் மாஸ்டர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"டேய், கொளுத்தி வைச்சு வேடிக்கை பாக்கிறியோ? ஒண்டில் இழு, இல்லாட்டி என்னட்டைத் தா."

இழுத்தார். இருமினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் தொடங்கியது.

இப்போது அதே குசினிக்கு அவர்தான் மாஸ்டர். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது மூக்கு.

அந்தக் கடையில் சமைப்பவர் சமையலை ருசி பார்ப்பதில்லை. காசு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்தின் முன்னால் ஓர் இலையில் எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் படைத்த பிறகுதான் எவர் வாயிலும் படலாம். பல கடைகளில் இந்த வழக்கம் பேச்சளவில் நிற்கும். செல்வநாயகத்தின் கடையில் அது சட்டம். பக்கத்து மடத்தின் திருவிழா அன்னதானச் சமையல் வருடா வருடம் இந்தக் கடைக்கே வருவதும் அதனால்தான். ஆகவே உப்புக்குக் கையளவு. மற்ற எல்லாவற்றுக்கும் மூக்கு. பருப்பின் பச்சை மணம் போய்விட்டதா, புளி கொதித்தது போதுமா, தேங்காய்ப்பால் திரையப் போகிறதா, எல்லாம் ஆவியில் தெரிய வேண்டும். கேதீஸ்வரன் ஒழுங்கையில் நின்றபடியே உள்ளே குரல் கொடுப்பார்: "கடுகு கருகுது, இறக்கு!" போய்ப் பார்த்தால் கருகும் தறுவாயில் இருக்கும். மடத்துச் சமையலின் பெரிய கிடாரத்துக்கு முன்னால் நிற்கும் உரிமை அவருக்கு வந்ததும், சம்பளம் உயர்ந்ததும், சிவகௌரியைக் கட்டியதும் அந்த மூக்கை வைத்துத்தான் என்று அவரே பகிடியாகச் சொல்வார். பெண் பார்க்கப் போன வீட்டில், அடுப்படியில் பால் பொங்கப்போவதை முன்விறாந்தையில் இருந்து சொன்னவர்.

போன மாரியில் ஒருநாள், அதே சிவகௌரி அவருக்கு முன்னால் வந்து நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு மணக்கேல்லையே?"

"என்ன?"

"கூரைக்குள்ளை எலி செத்துக் கிடக்குது. நேற்றையில இருந்து நாங்கள் சோறு தின்னேலாமல் கிடக்கிறம். நீங்கள் அதுக்கு நேர கீழை இருந்து கோப்பி குடிக்கிறியள்!"

"எனக்குத் தடிமன், மூக்கடைச்சுக் கிடக்கு" என்றார் கேதீஸ்வரன். அவருக்குத் தடிமன் இருக்கவில்லை.

மறுநாள் விடிய, குசினியில் யாரும் வரமுதல், பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தார். அடுத்த வளவில் யாரோ கதைப்பதுபோல மெலிதாக ஏதோ வந்தது. ஆனி மாதம் மறுபடி பிடித்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

கிளினிக்கில் டொக்டர் இளம் பெண். நாளுக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். ஒரு பெட்டி என்றார் இவர். கொரோனா வந்ததா என்று கேட்டார். வந்திருக்கலாம், யார் பார்த்தது என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சிகரெட்டாயும் இருக்கலாம், இவ்வளவு வருச அடுப்புப் புகையாயும் இருக்கலாம், கொரோனாவாயும் இருக்கலாம் ஐயா. இந்த மூண்டிலை நீங்கள் விடக்கூடியது ஒண்டுதான். விட்டால் கொஞ்சம் திரும்பி வரலாம். வரும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன்."

விட்டுப் பார்த்தார். நெஞ்சு கேட்ட புகையைக்கூட அடக்க முடிந்தது. கால்கள் கேட்ட ஓய்வைத்தான் அடக்க முடியவில்லை. வெறுங்கையோடு ஒழுங்கைக்குப் போய் மதிலில் சாய்ந்தார். கடையின் தேத்தண்ணி போடும் லியோன் அங்கே நின்றார். குருநகர்க்காரர், வீட்டில் மீன் இல்லாமல் ஒருநாளும் சாப்பிடாதவர், பன்னிரண்டு வருடமாகச் சைவக் கடையில் வேலை.

"என்னண்ணை, கையை வீசிக்கொண்டு நிக்கிறியள்? ஆரும் பொம்பிளை வாறாவோ?"

"போடா. சும்மா நிக்கிறன்."

"சும்மாவோ? சும்மா நிண்டால் முதலாளிக்குக் காய்ச்சல் வருமே."

வந்தது. செல்வநாயகம் பின்கதவால் எட்டிப் பார்த்தார். "என்ன கேதீஸ், உதிலை சும்மா நிக்கிறீர்? உள்ளை அடுப்பு எரியுது." அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாள் கேதீஸ்வரன் லியோனிடம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தார். செல்வநாயகம் எட்டிப் பார்த்தார்; சிகரெட்டைக் கண்டார்; திரும்பிப் போனார். கேதீஸ்வரனின் விரதம் அத்தோடு முடிந்தது.

விட முடியாது என்றானபின் மறைக்க வேண்டியிருந்தது. மறைக்க அவருக்கு இன்னொருவருடைய மூக்கு தேவைப்பட்டது. குசினியில் நான்கு ஆண்களும் புகைப்பவர்கள். புகைக்காத ஒரே ஆள் றஜிதா.

றஜிதா உடுவிலில் இருந்து சைக்கிளில் வருபவர். இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு வருடமாகத் தேங்காய் துருவுவது, பால் பிழிவது, கிடாரம் துழாவுவது எல்லாம் அவர்தான். பின்னேரம் ஆனால் கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் தசைக்குள் புதையும். ஒழுங்கைக்குப் போக அவருக்குக் காரணம் கிடையாது.

"பிள்ளை, உந்தச் சாம்பாரை ஒருக்கால் துழாவி விடு" என்பார் கேதீஸ்வரன்.

றஜிதா துழாவுவார். "பருப்பு இன்னும் பச்சை மணம் அண்ணை."

"ஓமோம். அதைத்தான் நானும் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இப்படியே ஆனி போய் ஆடி வந்தது. நல்லூரில் கொடியேறியது. றஜிதாவுக்கு விசயம் விளங்கிவிட்டது என்பது கேதீஸ்வரனுக்கும் விளங்கியது. இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே றஜிதா கிடாரத்தடியில் வந்து நின்று, யாருக்கோ சொல்வதுபோல, "சீரகம் காணும்போலை கிடக்கு, இனிப் போடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார். அவர் நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

தேரன்று மடத்துக்குச் சோறும் நாலு கறியும் பாயாசமும். தேர் இருப்புக்கு வந்ததும் சனம் மடத்துக்குத் திரும்பும்; அதற்கு முன் படையல் முடிய வேண்டும். குசினிக்குள் ஒருவர்மேல் ஒருவர் முட்டினார்கள். வீதியெல்லாம் அடைத்திருந்ததால் மரக்கறி வண்டி பிந்தி வந்தது. ஆண்கள் ஒருவர் மாறி ஒருவர் ஒழுங்கைக்குப் போய்வந்தார்கள். கேதீஸ்வரனும் போனார். அவர் திரும்பி வந்தபோது றஜிதா பாயாசக் கிடாரத்தில் துடுப்போடு நின்றார்.

"அண்ணை, நான் கொஞ்ச நேரம் வெளியிலை நிண்டுபோட்டு வரட்டே? விடியத் தொடக்கம் நிக்கிறன். கால் விண்விண் எண்டு குத்துது."

"இண்டைக்கோ? இப்பவோ?" என்றார் கேதீஸ்வரன். பிறகு மற்றவர்களும் கேட்பதால், சிரிப்பாக்கிவிட நினைத்தார். "நீ என்ன, பத்தவே போறாய்?"

குசினி சிரித்தது. தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி எடுக்க வந்த லியோன்தான் எல்லாரிலும் கூடச் சிரித்தார். "தங்கச்சிக்கு நான் வேணுமெண்டால் ஒண்டு தாறன்!"

றஜிதா துடுப்பைக் கிடாரத்தின் விளிம்பில் சாய்த்தார். கையைப் பாவாடையில் துடைத்தார். லியோனுக்கு முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார்.

"தாங்கோ."

"என்ன தங்கச்சி, பகிடிக்குச் சொன்னனான்."

"நான் பகிடிக்குக் கேக்கேல்லை. தாங்கோ."

லியோன் கேதீஸ்வரனைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். றஜிதா அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, ஆண்கள் சொல்கிற அதே இழுவையில் சொன்னார்:

"ஒண்டு பத்திப்போட்டு வாறன்."

பின்கதவு சாத்திக்கொண்டது. கதவின் இடுக்கால் கேதீஸ்வரனுக்கு றஜிதா தெரிந்தார். மதிலில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் ஊன்றி நின்றார். சிகரெட் பற்றவைக்கப்படாமல் விரலில் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

நேரம் பிந்தியதால் பாயாசத்துக்கு அடுப்பைக் கூட்டி வைத்திருந்தார்கள். சவ்வரிசி அடியில் தங்கும் சாமான். துடுப்பு நின்றால் பிடித்துவிடும். கேதீஸ்வரன் ஒரு கை எட்டும் தூரத்தில், மற்ற அடுப்பில் கஜுப் பருப்பும் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சையும் நெய்யில் வதக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அவர் எந்தக் கிடாரத்தையும் கண்ணால் காவல் காத்ததில்லை. மூக்கு பார்த்துக்கொள்ளும். உடம்பு இன்னும் அந்தப் பழக்கத்தில்தான் நின்றது. கஜு பொன்னிறமானதும் தாச்சியைத் தூக்கிக் கிடாரத்தில் கொட்டினார். துடுப்பை எடுத்து அடிமட்டத்தில் இருந்து நன்றாகக் கிளறினார். கைக்கு ஏதோ தடித்தது. சவ்வரிசி இறுகுகிறது என்று நினைத்தார். இன்னும் கிளறினார்.

காய் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலை நிமிர்ந்தார். எதிரில் நின்றவரைப் பார்த்தார். மாஸ்டர் கிடாரத்துக்கு மேலே குனிந்து நிற்கிறார்; அவருக்குத் தெரியாததா என்று திரும்பக் குனிந்துகொண்டார்.

கதவு திறந்தது.

"ஐயோ அண்ணை! அடிப்பிடிச்சுட்டுது! நூருங்கோ அடுப்பை, நூருங்கோ!"

கேதீஸ்வரன் துடுப்போடு அப்படியே நின்றார். பாயாசத்தின் மேலே கறுப்புத் துகள்கள் சுழன்று வந்தன. அதைக் கண்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

காசு மேசையில் இருந்த செல்வநாயகத்துக்கே கருகல் மணம் எட்டிவிட்டது. வந்தார். கிடாரத்தைப் பார்த்தார். அதன்பிறகு றஜிதாவின் கையைப் பார்த்தார். சிகரெட் இன்னும் அங்கேதான் இருந்தது.

"ஆர் கிடாரத்திலை நிண்டது?"

"நான்தான்" என்றார் றஜிதா. "கொஞ்ச நேரம் வெளியிலை போனனான்."

"உதென்ன கையிலை? சிகரெட்டோ? சைவக் கடை, தேர்நாள், ஒரு பொம்பிளை சிகரெட்டோடை ஒழுங்கையிலை நிக்கிறா. நல்லாயிருக்கு! படையலுக்கு வைச்ச பாயாசத்தை எரிச்சுப்போட்டுப் புகை பிடிக்கிறியோ?"

"நான் பத்தேல்லை முதலாளி. பாருங்கோ, கொளுத்தவே இல்லை."

"கொளுத்தினால் என்ன, கொளுத்தாட்டி என்ன? உன்ரை சாமானை எடுத்துக்கொண்டு நட. இனி இந்தப் பக்கம் வராதை."

றஜிதா கேதீஸ்வரனைப் பார்த்தார். பிறகு கொளுவியில் தொங்கிய கைப்பையை எடுக்கப் போனார். லியோன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியில் இருந்துதான் சிகரெட் போனது.

"முதலாளி" என்றார் கேதீஸ்வரன். "கிடாரத்திலை நான்தான் நிண்டனான்."

"நீர் கஜு வறுத்துக்கொண்டு நிண்டனீர். எனக்குத் தெரியும்."

"பக்கத்திலைதான் நிண்டனான். பிடிச்சதைக் கிளறினதும் நான்தான். எனக்கு மணக்கேல்லை."

"தடிமனே?"

"இல்லை. மாரியிலை இருந்து மணக்கிறேல்லை. இவ்வளவு நாளும் உந்தப் பிள்ளைதான் மணந்து சொன்னது."

செல்வநாயகம் நம்பவில்லை. பொம்பிளைக்காக மாஸ்டர் பொய் சொல்கிறார் என்றே நினைத்திருக்க வேண்டும். பலகைத் தட்டில் இருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"கண்ணை மூடும்."

கேதீஸ்வரன் மூடினார். செல்வநாயகம் மூடியைத் திறந்து மூக்கடியில் பிடித்தார். பெருங்காயத்தின் நெடி குசினியில் நின்ற எல்லோருக்கும் அடித்தது. கேதீஸ்வரன் ஆழ இழுத்தார். மறுபடியும் இழுத்தார். நெற்றி சுருங்கியது.

"பிடியுங்கோவன், முதலாளி" என்றார் கண்ணைத் திறக்காமல்.

செல்வநாயகம் டப்பாவை மூடித் தட்டில் வைத்தார். வைத்துவிட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கேதீஸ்வரன் இன்னும் கண்ணை மூடியபடி, டப்பா வரும் என்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கண்ணைத் திறவுங்கோ" என்றார் லியோன் மெதுவாக. "காட்டியாச்சு."

கைப்பையை எடுத்த றஜிதா அதைத் திரும்பக் கொளுவினார். அவரைப் போகச் சொன்னவர் இப்போது நிற்கச் சொல்லவும் இல்லை. ஆனால் படையலுக்கு இனிப்பு வேண்டும், நேரம் இல்லை. "ரவை கிடக்கு. கேசரி கிண்டுவம்" என்றார் றஜிதா. செல்வநாயகம் தலையாட்டினார். கேதீஸ்வரன் ரவையை அளந்து கொட்டினார், றஜிதா வறுத்தார். ரவையின் மணம் எழுந்ததும் றஜிதா தலையசைத்தார். கேதீஸ்வரன் சுடுதண்ணி ஊற்றினார். இப்போது அதை எல்லோருக்கும் தெரியவே செய்தார்கள். படையல் நேரத்துக்கு நடந்தது. மடத்தில் பாயாசம் எங்கே என்று சிலர் கேட்டதாகச் சொன்னார்கள். கேசரி மிஞ்சவில்லை.

அன்று பின்னேரம் கேதீஸ்வரன் ஒழுங்கைக்குப் போனார். றஜிதாவும் வந்தார். கையில் எதுவும் இல்லை.

"உங்களுக்கு விசரே அண்ணை? நான் வேறை கடை பாத்திருப்பன். நீங்கள் இந்த மூக்கோடை எங்கை போவியள்?"

"நீ ஏன் எனக்கு முந்தியே கேக்கேல்லை, கால் நோகுதெண்டு?"

"போன வருசத் திருவிழாவிலையும் கேட்டனான். நீங்கள் இப்பிடித்தான் சிரிச்சனீங்கள்."

அவருக்கு அது நினைவில் இல்லை. பெட்டியை எடுத்தார். றஜிதா நிற்பதைப் பார்த்து, பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பற்றவைத்தார். கதவு திறந்தது, செல்வநாயகம் எட்டிப் பார்த்தார். கேதீஸ்வரனின் கையைப் பார்த்தார். றஜிதாவின் வெறுங்கையைப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை என்ன செய்யிறாய்? உள்ளை கழுவ ஏனம் கிடக்கு."

றஜிதா உள்ளே போனார்.

மடத்தார் அடுத்த வருடச் சமையலையும் இந்தக் கடைக்கே தருவார்கள் என்ற நம்பிக்கையில் செல்வநாயகம் இருக்கிறார். கிடாரத்துக்கு மாஸ்டராக ஒரு பெண்ணை நிறுத்த அவர் மனம் இடங்கொடுக்கவில்லை; றஜிதா முன்பு போலத் தேங்காய் துருவுகிறார், சம்பளமும் முன்பு போலத்தான். சாவகச்சேரியில் இருந்து சுபாஸ்கரன் என்ற புது மாஸ்டர் வருகிறார். ருசி பார்க்காமல் சமைப்பாரா, மூக்கு எப்படி என்று விசாரித்த செல்வநாயகம், புகைப்பவரா என்று விசாரிக்கவில்லை.

கேதீஸ்வரனை அவர் போகச் சொல்லவில்லை. கிடாரத்தில் இருந்து எடுத்துத் தோசைக் கல்லுக்கு மாற்றியிருக்கிறார். மா புளித்ததா என்று மணந்து பார்த்துச் சொல்ல வேறு ஆள் இருக்கிறது, தோசை சிவந்ததைக் கண்ணால் பார்க்கலாம். வரும் திங்கட்கிழமை அவர் அங்கே தொடங்குகிறார். தோசைக் கல் கடையின் முன்வாசலில், வீதியைப் பார்த்தபடி, காசு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவர் கடை பூட்டும்வரை பின் ஒழுங்கைக்குப் போக முடியாது.